மீட்கவா, வட்டியா

கல்லுக்கட்டி அடகுக்கடையில்
கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து
பதினாலு மாதமாய் ஒரே கேள்வி:
"மீட்கவா, வட்டியா?"
பதினாலு மாதமும்
நான் சொன்னது ஒரே சொல்.

ஆண்டவரே,
உம்மை மீட்பர் என்று
முதன்முதலில் அழைத்தவர் யாரோ,
அவரும் என்னைப்போல்
நாலாய் மடித்த சீட்டோடு
ஏதோ ஒரு கம்பிக்கு வெளியே
நின்றிருக்க வேண்டும்.

புதுவயல் மில்லில் பாய்லர் சீறியபோது
மதலைமுத்து
அவியல் தொட்டிக்குக் கீழே நின்றிருந்தான்.
நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது
களத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது.
யாரோ காலால் அளைந்துவிட்டபடி இருந்தார்கள்,
இல்லாவிட்டால் நெல் வீணாகிவிடும் என்று.
அவனை வாழையிலையில் கிடத்தி
வேனில் ஏற்றியிருந்தார்கள்.

அன்றைக்கு உம்மைத் துதித்தேன் என்று
பொய் சொல்ல மாட்டேன்.
ஏசினேன்.
சாக்கோட்டை தாண்டி
காரைக்குடி பெரியாஸ்பத்திரி வாசல் வரைக்கும்
வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லி ஏசினேன்.
அந்த வேனில் உட்கார இடமில்லை.
எங்கே ஒடுங்கியிருந்தீரோ தெரியாது.
ஆனால் வழியில் எங்கும்
நீர் இறங்கிக்கொள்ளவில்லை.

சங்கிலி போனது முதலில்.
பிறகு தோடு.
பிறகு செலினின் கொலுசு.
தராசுத் தட்டில் வைத்த பின்னும்
அதில் ஒரு மணி மட்டும்
கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தது.

முப்பத்தொன்றாம் நாள் சாயங்காலம்
கட்டுப் பிரிக்கையில் அவன் கத்தியது
மூன்று மாடிக்கும் கேட்டது.
இரவு எல்லாரும் அடங்கிய பிறகு
நான் படியேறினேன்.
கீழே டீ வாங்கப் போக வேண்டியவள்
மேலே எதற்குப் போகிறாள் என்று
காவலுக்கு இருந்தவர்கூடக் கேட்கவில்லை.
மொட்டைமாடிக் கதவு
திறந்துதான் கிடந்தது.

"யம்மா, பச்சைச் சேல!
எங்க வீட்டுக்காரருக்கு
சலைன் முடியப்போவுதான்னு
செத்த வந்து பாரேன்.
எனக்குக் கண்ணு சரியாத் தெரியல."

பக்கத்துக் கட்டில் மைமூன் அக்கா.
முழங்கால் வலியோடு
அத்தனை படியும் ஏறி வந்திருந்தாள்.

இறங்கினேன்.
பாட்டிலில் நாலு விரற்கடை மிச்சமிருந்தது.
அது தீரட்டும் என்று உட்கார்ந்தேன்.
சொட்டு எண்ணினேன்.
ஒன்று தீர்ந்து
இன்னொன்று மாட்டினார்கள்.
அதையும் எண்ணினேன்.
விடிந்துவிட்டது.

கடலைப் பிளந்தவரே,
எனக்காக நீர் கடலைப் பிளக்கவில்லை.
ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவே
காலடி அகலத்துக்குக் காய்ந்த தரை போட்டீர்.
அதில் என்னை
ஒவ்வோர் அடியாய் நடத்திப் போனீர்.
இரு பக்கமும் தண்ணீர்
மதிலாய் நின்றதென்னவோ உண்மை.

சங்கிலி ஏலத்தில் போயிற்று.
தோடும் போயிற்று.
நோட்டீஸ் ஒட்டினார்கள்,
என் பெயரில் ஓர் எழுத்துப் பிழையோடு.
நானும் அந்த மாடிப்படியில்
தவணை தப்பிய பொருளாகத்தான் நின்றேன்.
எனக்கு மட்டும் ஏலம் கூறவில்லை.
வட்டி கட்டிவிட்டுத் திரும்பிப் போகிறவரா நீர்?
கரகரத்த ஒரு பொம்பளைக் குரலில்
"மீட்க" என்றீர்.
என்னைக் கையில் வாங்கிக்கொண்டு போனீர்.

மதலைமுத்துவுக்கு
வலது கை இன்னும் மடங்காது.
பூசையில் மெழுகுவர்த்தியை
இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவே
இடுக்கிக்கொண்டு நிற்கிறான்.
உருகி வழிவது
சட்டையெல்லாம் படுகிறது.
அவன் துடைப்பதில்லை.
ராத்திரிகளில் அவனுக்குத் தோல் இழுக்கிறது.
அப்போது நான் உம்மிடம் கேட்கும் கேள்விகளை
இங்கே எழுதவில்லை.
உமக்குத் தெரியும்.

நேற்றுக் கடைக்குப் போனேன்.
தலை நிமிராமலே கேட்டார்.
"மீட்க" என்றேன்.
என் குரல் எனக்கே புதிதாயிருந்தது.
அவர் நிமிர்ந்து பார்த்தார்.

கொலுசு மட்டும் திரும்பி வந்தது.
வீட்டில் செலினை உட்காரவைத்து
மாட்டிப் பார்த்தேன்.
கொக்கி எட்டவில்லை.
பதினாலு மாதத்தில் பிள்ளைக்குக்
கால் வளர்ந்திருக்கிறது.

அதற்கும் உமக்கு
ஸ்தோத்திரம்.